காவல்காரனுக்கு வால் எதற்கு

குன்றின் அடியில் ஒரு குட்டை இருந்தது. அந்தக் குட்டைக்குச் செவலை என்று ஒரு நாய் காவல்.

மாலையில் தண்ணீர் குடிக்க யார் வந்தாலும் செவலை வாலாட்டும். மானுக்கு ஆட்டும், முயலுக்கு ஆட்டும், யாருக்கும் பிடிக்காத முள்ளம்பன்றிக்குக்கூட ஆட்டும். சிறுத்தை அந்தப் பக்கம் தலைகாட்டினால் மட்டும் குரைத்து எல்லாரையும் கிளப்பிவிடும். மற்ற நேரமெல்லாம் வால்தான். தன் வேலையை அதைவிட ஒழுங்காகப் பார்த்த நாய் கிடையாது.

குட்டைக்குத் தலைவர் மயில். யார் தலைவராக்கியது என்று கேட்காதீர்கள். தானே போய் உயரமான பாறையில் உட்கார்ந்துகொண்டது. நமக்கேன் வம்பு என்று மற்ற மிருகங்கள் விட்டுவிட்டன.

வருடா வருடம் முதல் மழைமேகம் கூடும் நாளில் மயில் குட்டைக்கரையில் ஆடும். அதைப் பார்க்க மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டிலிருந்தும் விருந்தாளிகள் வருவார்கள். போன வருடம் வந்த ஒரு கொக்கு, போகிற போக்கில், “உங்க காவல்காரன் எல்லாரையும் பார்த்து வாலாட்டுறானே, கண்டிப்பே கிடையாதா?” என்று கேட்டுவிட்டுப் போனது. கொக்கு அதை அன்றைக்கே மறந்திருக்கும். மயில் மறக்கவில்லை.

இந்த வருடம் வெயில் தணியத் தொடங்கியதும் மயில் கூட்டம் போட்டது. வாசலில் நிற்கிறவன் விறைப்பாக நிற்க வேண்டும் என்றது. வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் வாலாட்டினால் இடத்துக்கு என்ன மரியாதை என்றது. ஆட்டாதே என்று சொன்னால் செவலை கேட்பதில்லை, அதனால் வாலையே எடுத்துவிடலாம் என்று முடித்தது. பின்னால் அவ்வளவு நீளத் தோகையைத் தொங்கவிட்டுக்கொண்டு அது இதைச் சொன்னது! ஒரு மிருகம் சிரித்திருக்க வேண்டுமே? எல்லாம் தலையை ஆட்டின.

ஒரே ஒரு வெள்ளாடு மட்டும் எழுந்து நின்றது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்ததால் அதற்குச் சுட்டி என்றே பெயர். செவலையோடு ஒரே புங்கமரத்து நிழலில் படுக்கிற ஆடு அது. வால் நன்றாகத்தானே இருக்கிறது, புண்ணா, நோயா, எதற்கு வெட்டவேண்டும் என்று கேட்டது. மயில் அதன் பக்கமே திரும்பாமல், செவலையைப் பார்த்து, “உனக்கு இதில் சம்மதம்தானே?” என்று கேட்டது.

செவலை வாலை ஆட்டிக்கொண்டே, “உங்களுக்குச் சந்தோஷம்னா சரிங்க தலைவரே” என்றது.

சுட்டி தலையை மரத்தில் முட்டிக்கொள்ளாத குறை.

வெட்டுகிற வேலைக்கு நண்டு வந்தது. குட்டைக்கரையில் வளை தோண்டி வாழ்கிற கிழட்டு நண்டு அது. அதுவரை வேரையும் கோரைப்புல்லையும் தவிர எதையும் வெட்டியதில்லை. வால் வெட்டிப் பழக்கமுண்டா என்று சுட்டி கேட்டதற்கு, வேரைவிட வால் மிருதுதானே என்றது. செவலை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. வேலை முடிந்ததும் நண்டு கொடுக்கைத் தண்ணீரில் அலசிவிட்டு வளைக்குத் திரும்பியது. மருந்து என்ன போடுவது என்று சுட்டி வளைவாயில் நின்று கேட்டது. வெட்டுவது மட்டும்தான் தன் பொறுப்பு என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

மயில் ஒரு தடவை வந்து, தள்ளி நின்று பார்த்தது. “எவ்வளவு எடுப்பா இருக்கு!” என்று மெச்சிக்கொண்டது. அதோடு சரி, அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

புண் சீழ் பிடித்தது. செவலைக்கு உடம்பு நெருப்பாகக் காய்ந்தது. ஈ மொய்த்தது. வால் இருந்தால் ஒரு வீசு வீசி விரட்டியிருக்கும். இப்போது அதற்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. வலிக்கிற இடத்தைத் தேடித் தன்னையே சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் விழுந்தது. சில நாளில் புண்ணில் புழு வைத்துவிட்டது.

புழுவுக்குச் சீத்தா இலைதான் மருந்து. ஆனால் எந்த ஆடும் வாய் வைக்காத இலை அது. வேலியைத் தின்னும், முள்ளைத் தின்னும், சீத்தா இலையை மட்டும் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். அந்த இலையைச் சுட்டி வாய் நிறையப் பறித்து, குடல் புரட்ட மென்று, அந்தச் சாற்றைப் புண்ணில் துப்பியது. காலையிலும் மென்றது, மாலையிலும் மென்றது. அப்புறம் நல்ல தழையைத் தின்றாலும் கசந்தது. மெல்லுகிற நேரம் போக, வாயில் ஒரு கிளையைக் கவ்விக்கொண்டு ஈ ஓட்டியது. கிளையை வைத்தால் ஈ வரும், கிளையைப் பிடித்தால் இலையை மெல்ல முடியாது. இருப்பது ஒரு வாய்தானே.

பார்க்க வந்த மிருகங்களுக்கோ கணக்கில்லை. வால் இல்லாமல் முகம் களையாகத் தெரிகிறது என்றது மான். மஞ்சள் அரைத்துப் போடச் சொன்னது குரங்கு. மஞ்சள் எங்கே கிடைக்கும் என்று சுட்டி கேட்டதும் அதற்கு அவசர வேலை வந்துவிட்டது. நாக்கால் நக்கினால் போதும் என்று முயல் சொன்னது. அந்த நாக்கை நீதான் கொடுக்கவேண்டும் என்று சுட்டி சொன்னதும் அதுவும் போய்விட்டது. ஆளுக்கொரு வைத்தியம் சொல்லத் தெரிந்தது. ஓர் இலை பறித்துக் கொடுக்கத் தெரியவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் சுட்டிக்கு எல்லாரையும்விட ஆத்திரம் மூட்டியது செவலைதான்.

யார் வந்தாலும் செவலைக்குச் சந்தோஷம். காய்ச்சலோடு எழுந்து நிற்கும். வால் போன இடத்தில் மிச்சமிருந்த கட்டை ஆடும். ஆடினால் புண் வாய் பிளக்கும், ரத்தம் வழியும். காலை முழுவதும் மென்று துப்பியது பாழாகும். மான் வந்தபோது ஆட்டியது, குரங்கு வந்தபோது ஆட்டியது. நண்டு நீர்க்கரையில் போவதைப் பார்த்துக்கூட ஆட்டியது. வெட்டின நண்டைப் பார்த்து!

“ஆட்டாதே!” என்று சுட்டி கத்தியது.

“நான் ஆட்டலை அக்கா. அதுவா ஆடுது.”

“அப்போ சந்தோஷப்படாதே. புண் ஆறுற வரைக்கும் யாரைப் பார்த்தும் சந்தோஷப்படக் கூடாது. புரியுதா?”

செவலை முயன்று பார்த்தது. மூஞ்சியைத் தரையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. சுட்டி இலையோடு திரும்பி வருகிற காலடிச் சத்தம் கேட்டதும் கட்டை ஆடிவிட்டது. புண்ணைப் பார்த்த சுட்டிக்கு அழுகை வந்தது. அழுதால் இலை மெல்ல முடியாது என்பதால் அழவில்லை. அன்றிலிருந்து பார்க்க வருகிறவர்களைக் கொம்பைக் காட்டி விரட்டியது. சுட்டிக்குத் திமிர் பிடித்துவிட்டது என்று குட்டைக்கரையில் பேசிக்கொண்டார்கள்.

அப்படியிருக்கும்போது மேகம் கூடியது. மயிலிடமிருந்து ஆள் வந்தது, விருந்தாளிகள் வருகிறார்கள், காவல்காரன் வாசலுக்கு வரட்டும் என்று. எழுந்தால் செத்துப்போவான் என்று சுட்டி சொல்லி அனுப்பியது. ஆனால் செவலை அதற்குள் எழுந்துவிட்டது. இந்த ஒரு நாளுக்காகத்தானே வெட்டியது, போகாமலிருந்தால் தலைவர் வருத்தப்படுவார் என்றது. சுட்டி குறுக்கே நின்றது. செவலை அதைச் சுற்றிக்கொண்டு, கால் பின்ன, வாசலுக்குப் போனது.

மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மான்கூட்டம் இறங்கி வந்தது. பின்னால் காட்டுக்கோழிகள் வந்தன. எல்லாம் போன வருடம் பார்த்த முகங்கள். செவலைக்குக் காய்ச்சலே மறந்துபோனது. எதிர்கொண்டு அழைக்க ஓடியது.

மான்கள் கண்டது வேறு. ஒரு நாய் நாக்கைத் தொங்கவிட்டு, பல் தெரிய, கண் சிவக்க, நேராகத் தங்கள் மேல் ஓடிவருகிறது. வால் ஆடுகிறதா என்று பார்த்தன. அங்கே வாலே இல்லை. தாய்மான் குட்டியை முட்டித் திருப்பிக்கொண்டு ஓடியது. கூட்டமும் ஓடியது. காட்டுக்கோழிகள் பறந்தே போய்விட்டன. இல்லை, இல்லை, நான்தான் என்று சொல்ல செவலை பின்னால் ஓடியது. துரத்துகிறது என்று அவை இன்னும் வேகமாக ஓடின. சிறிது தூரத்தில் செவலை சேற்றில் விழுந்தது.

மயில் தோகையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியபோது, பார்க்க ஒரு விருந்தாளி இல்லை.

மயில் ஆட்டத்தை விட்டுவிட்டு நேராகச் செவலை கிடந்த இடத்துக்கு வந்தது. கோபத்தில் கழுத்து இன்னும் நீலமாகியிருந்தது. வந்து என்ன சொன்னது தெரியுமா? வாலை வெட்டியது போதவில்லை, காதும் தொங்குவதால்தான் முகம் விகாரமாக இருக்கிறது, அதையும் நறுக்கிவிட்டால் சரியாகும் என்றது. நண்டை வரச் சொன்னது. நண்டும் வளையிலிருந்து எட்டிப் பார்த்தது.

செவலை சேற்றிலிருந்து தலையைத் தூக்கியது. “சரிங்க தலைவரே” என்றது.

சுட்டி வந்து செவலையின் மேல் நான்கு காலையும் அகட்டி நின்றது. அதன் வாயோரத்தில் சீத்தா இலைச் சாறு இன்னும் ஒட்டியிருந்தது.

“தலைவரே, இங்க வாங்க.”

“இங்கேதானே நிற்கிறேன்” என்றது மயில்.

“முன்னால இல்லை. பின்னால வாங்க. வெட்டின இடத்தைப் பாருங்க.”

மயில் இரண்டடி வைத்தது. நாற்றம் மூக்கில் ஏறியது. புண்ணில் நெளிவதைப் பார்த்ததும் கழுத்தைத் திருப்பிக்கொண்டது. தனக்கு இளகிய மனசு, இதையெல்லாம் பார்க்க முடியாது என்றது.

“பார்க்க முடியாததை வெட்டச் சொல்ல மட்டும் முடிஞ்சுதா? நல்ல வாலை வெட்டினீங்க. மான் ஓடிப்போச்சு. இப்போ நல்ல காதை வெட்டணுமா? வெட்டுங்க. ஆனா இந்தத் தடவை இலையை நீங்க மெல்லணும்.”

இப்படி ஆகும் என்று யாரும் தன்னிடம் சொல்லவே இல்லையே என்றது மயில்.

அன்றைக்குக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டது பின்னே யாராம்? மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டு பாறைக்குப் போனது. நண்டு தானாக உள்ளே போய் வளையை மண்ணால் அடைத்துக்கொண்டது.

மழை பிடித்துக்கொண்டது. செவலை தலை தூக்காமல் கிடந்தது. மனசு கேட்காமல் ஒரு கீரி கொண்டுவந்து போட்ட மீனை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. சுட்டி வந்தால்கூட கட்டை ஆடவில்லை. ஆடாதே, ஆடாதே என்று அத்தனை நாள் கத்திய சுட்டி இப்போது அதையே பார்த்துக்கொண்டு நின்றது. ஒரே ஒரு தடவை ஆடினால் போதும், புண் கிழிந்தாலும் பரவாயில்லை, மறுபடி மென்றுகொள்ளலாம் என்று நினைத்தது. நனைந்துகொண்டே இலை பறித்தது. மென்றது, துப்பியது.

மழை விட்ட ஒரு காலையில் சுட்டி இலையோடு வந்தபோது, கட்டை லேசாக அசைந்தது. ரத்தம் வரவில்லை. “ஆட்டாதேன்னு சொன்னேனே” என்று சொல்லிவிட்டு, சுட்டி அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டது.

புண் ஆறியது. செவலை பழையபடி காவலுக்குப் போனது. ஆனால் தண்ணீர் குடிக்க வந்த மிருகங்கள் எட்ட நின்றுவிட்டன. அசையாமல் முறைத்துக்கொண்டு நிற்கிற நாயை யார் நம்புவார்கள்? முறைக்கவில்லை பாவம், முன்னாலிருந்து பார்த்தால் அந்தக் கட்டை தெரியாது, அவ்வளவுதான். தாகத்தோடு வந்த மான் தாகத்தோடு திரும்பியது. இதைப் பார்த்துப் பொறுக்காமல் சுட்டி கரைக்கு இறங்கியது. அன்றிலிருந்து மேய்ச்சலைப் பாதியில் விட்டுவிட்டு, மாலை தவறாமல் செவலையின் பின்னால் வந்து நின்றது. கட்டையைப் பார்த்துவிட்டு, வருகிறவர்களிடமெல்லாம் சொன்னது: “பயப்படாம குடிங்க. உங்களைப் பார்த்ததில் அதுக்குச் சந்தோஷம்தான்.” மான் வந்தால் ஒரு தடவை. முயல் வந்தால் ஒரு தடவை. முள்ளம்பன்றி வந்தாலும் ஒரு தடவை.

ஒரு மாலை மயில் வந்தது. செவலையைப் பார்த்ததும் கால் நகரவில்லை. அங்கேயே நின்று சுட்டியைக் கேட்டது, “அது என் மேல கோபமா இருக்கா?”

சுட்டி குனிந்து பார்த்தது. கட்டை நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் துடித்தது. எரிச்சலை விழுங்கிக்கொண்டு சுட்டி, “இல்லை. உங்களைப் பார்த்ததில்தான் அதுக்கு ரொம்பச் சந்தோஷம்” என்றது.

மயில் தண்ணீர் குடிக்காமலே திரும்பிப் போனது.

நம் கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அடுத்த உயிரின் உடம்பில் வெட்டு வைக்கக் கூடாது, ஏனென்றால் வெட்டச் சொன்னவருக்கு அது ஒரு நாள் பேச்சு, வெட்டுப்பட்டவருக்கும் கூட இருந்து பார்த்துக்கொள்கிறவருக்கும் அது ஆயுள் முழுதும் வேலை.