ஒரு சொட்டும் ஒழுகாத கக்கூஸ்

தூத்துக்குடியில் பழைய கப்பல் சாமான் விற்கும் தவசிக்கனி அண்ணாச்சிக்கு இரண்டு பெருமை. ஒன்று, உப்பளம் போல வெளுத்த அவர் வேட்டி. இன்னொன்று, தன் கடையில் ஓட்டைச் சாமானே கிடையாது என்கிற பேச்சு.

சுற்றுலாப் படகைக் கழுவும் சலேத்து, அந்தப் படகுக்கு ஒரு பழைய கக்கூஸ் வாங்க வந்தாள். கழிவை வெளியே தள்ளக் கைப்பம்பு வைத்த ஒன்றை அண்ணாச்சி காட்டினார்.

"கப்பல் கேப்டன் மட்டுமே உக்காந்தது. பம்பு அடிச்சா ஒரு சொட்டு வெளிய ஒழுகாது."

"அடிச்சுப் பாக்கலாமா?"

"கழுவுற உனக்கு இதுல என்னளா தெரியும்? கை வைக்காம ஒரு குறை சொல்லு, சும்மாவே தாரேன்!"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

சலேத்து கை வைக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரை அதில் ஊற்றினாள். "அப்ப நீங்களே அடிச்சுக் காட்டுங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினார். இரண்டடி தள்ளி நின்று, உடம்பை வளைத்து, பம்பின் கைப்பிடியை எட்டிப் பிடித்தார்.

"ஒரு சொட்டும் ஒழுகாத சாமானுக்கு எதுக்கு அண்ணாச்சி வேட்டியத் தூக்குதிய?"

பிடித்த கைப்பிடியை அண்ணாச்சி கடைசிவரை அடிக்கவேயில்லை.

கக்கூஸ் சும்மாவே படகேறியது. ஒரு ரப்பர் வாஷரை மாற்றினால் ஒழுகாது என்பது கழுவுகிறவளுக்குத் தெரியும்.