கரியும் மரிக்கொழுந்தும்

மேகம் சன்னல் வழியாக உள்ளே வந்து, நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகும் கோத்தகிரியில், ஒரு வீட்டு மேசைமேல் ஒரு சுங்கான் குடியிருந்தது.

முற்றிய வேர்க்கட்டையில் கடைந்த சுங்கான் அது. வளைந்த தண்டு, உருண்ட கிண்ணம். அந்தக் கிண்ணத்தில் புகையிலையைத் திணித்து, தீக்குச்சி கிழித்துப் பற்றவைத்து, தண்டின் நுனியை உதட்டில் வைத்து இழுப்பவர் ஞானசிகாமணி. முப்பத்தைந்து வருடம் சர்வேயராக மலை மலையாய் ஏறி அளந்து, ஓய்வு பெற்றவர். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை புகைப்பார். எப்போதும் ஒரே புகையிலைதான். கறுப்பு நிறம், தொண்டையைச் சுரண்டும் காரம்.

சுங்கானுக்குள் இன்னொரு ஆளும் குடியிருந்தது. அதன் பெயர் கரி.

கரி முதலில் வந்தபோது வெங்காயத் தோல் கனம்தான் இருந்தது. "நெருப்பு உன் கட்டையைச் சுட்டுவிடாமல் நான் நடுவில் நிற்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு வந்தது. சொன்னபடியே நின்றது. சுங்கானுக்கு அது பெரிய ஆறுதல்.

ஆனால் கரி வந்தது போலவே இருந்துவிடவில்லை. ஒவ்வொரு முறை புகையிலை எரியும்போதும், அதன் கசப்பில் ஒரு பங்கை எடுத்துத் தன்மேல் பூசிக்கொண்டது. பூசப் பூசத் தடித்தது.

"கொஞ்சம் ஒதுங்கி இருக்கக் கூடாதா? மூச்சு முட்டுகிறது" என்று ஒரு நாள் சுங்கான் பணிவாகத்தான் கேட்டது.

"நான் யாரென்று நினைத்தாய்?" என்றது கரி. "நீ பட்ட சூடெல்லாம் சேர்ந்ததுதான் நான். என்னை எடுத்துவிட்டால் உன்னிடம் என்ன மிஞ்சும்? வெறும் கட்டை!"

பட்டதையெல்லாம் தூக்கி எறிந்துவிட முடியுமா என்ன? சரி, இருக்கட்டும் என்று சுங்கான் விட்டுவிட்டது.

கொஞ்ச நாளாக அதற்கு ஒரு வலி வேறு. சூடு ஏறியதும் உள்ளே எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம். அதோடு ஒரு குத்தல்.

"அது ஒன்றுமில்லை. வயசு" என்றது கரி.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசல் கேட்டைத் திறந்துகொண்டு இருதயராஜ் வந்தார்.

ஞானசிகாமணியும் இருதயராஜும் ஒரே கூடாரத்தில் படுத்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒன்றாகவே சர்வே வேலை பார்த்தவர்கள். நாலு வருடமாகப் பேச்சு இல்லை. காரணம், ஞானசிகாமணியின் பிரிவு உபசார விழா. அன்றைக்கு மைக்கைப் பிடித்த இருதயராஜ், "நம்ம சிகாமணி லேசுப்பட்ட ஆள் இல்ல. ஒரு தடவ ஆத்துக்கு அந்தப் பக்கம் இருந்த மலையைத் தூக்கி, மேப்புல இந்தப் பக்கம் வெச்சிட்டாரு. அனுமார் கூட ஒரு தடவதான் மலையைத் தூக்கினாரு!" என்றார். மண்டபமே உருண்டு உருண்டு சிரித்தது. சின்னச் சின்ன வயசுப் பையன்கள், நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கள், அவர்களும் சிரித்தார்கள். ஞானசிகாமணி மட்டும் கழுத்தில் மாலையோடு சிலைபோல உட்கார்ந்திருந்தார். அப்போது அவர் சட்டைப்பையில், புதிதாக வாங்கிய இந்தச் சுங்கானும் இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த நெஞ்சு தடதடவென்று அடித்தது அதற்கு இன்னும் நினைவிருக்கிறது.

இருதயராஜ் அன்றைக்குச் சாயங்காலமே வந்தார். ஞானசிகாமணி கதவைத் திறக்கவில்லை. பிறகு அவரும் வரவில்லை.

இப்போது ஞானசிகாமணியின் மனைவி எஸ்தர்தான் எழுந்து போனார். "வாங்கண்ணா, வாங்க. என்ன இப்படி மெலிஞ்சுட்டீங்க?" என்று கூட்டிவந்து உட்கார வைத்தார். உள்ளே திரும்பி, "என்னங்க, யார் வந்திருக்காங்க பாருங்க" என்றார்.

ஞானசிகாமணி பார்த்தார். "ம்" என்றார்.

இருதயராஜ் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மழையைப் பற்றி ஒரு வார்த்தை, முட்டைக்கோஸ் விளைச்சலைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டுக்கும் 'ம்'தான் பதில். கடைசியில் பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"புகையிலை. நானே கலந்தது. தோட்டத்துல துளசி, புதினா, மரிக்கொழுந்து எல்லாம் போட்டிருக்கேன். நிழல்ல காயவெச்சு, காரம் இல்லாத இலையா பார்த்துக் கலந்தேன். பிடிச்சுப் பாரேன்."

"நான் இதெல்லாம் பிடிக்கிறதில்ல."

"ஒரே ஒரு தடவ. நல்லா இல்லன்னா கொட்டிடு."

எஸ்தர் கணவரைப் பார்த்த பார்வையில் ஒரு உத்தரவு இருந்தது. ஞானசிகாமணி டப்பாவைத் திறந்தார்.

அறைக்குள் ஒரு தோட்டம் நுழைந்ததுபோல் இருந்தது. சுங்கான் அப்படி ஒரு வாசனையை அதுவரை அறிந்ததில்லை.

"வணக்கம்" என்றது டப்பாவுக்குள்ளிருந்து மரிக்கொழுந்து. "நாங்கள் உள்ளே வரலாமா?"

"வராதே!" என்று கரி கத்தியது. பிறகு சுங்கானிடம் தாழ்ந்த குரலில் சொன்னது: "இவ்வளவு வாசனையோடு ஒருவர் வருகிறார் என்றால் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம். நாலு வருடம் உன்னோடு இருந்தது நான். நேற்று முளைத்த இலையை நம்பாதே."

சுங்கான் பதில் சொல்லும் முன்பே ஞானசிகாமணியின் கட்டைவிரல் இலைகளை உள்ளே அமுக்கியது. இரண்டு சிட்டிகைக்கு மேல் இடம் இல்லை. தீக்குச்சி உரசியது.

ஒரு இழுப்பு. இரண்டாவது இழுப்பு.

ஞானசிகாமணியின் முகம் சுருங்கியது. இருமல் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. "என்னடா இது? வேப்பங்கொட்டையைக் கொளுத்தின மாதிரி இருக்கு! இதைக் குடுக்கத்தான் மலை ஏறி வந்தியா?"

இருதயராஜ் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. "கசக்குதா? இல்லடா, நான் பிடிச்சுப் பார்த்துட்டுத்தானே..."

"அன்னைக்கு ஊரைக் கூட்டிச் சிரிச்ச. இன்னைக்கு வீட்டுக்குள்ளயே வந்துட்ட."

"நான் சொன்னேன் பார்த்தாயா?" என்றது கரி.

உள்ளே துளசி அழாத குறை. "நாங்கள் கசக்கவில்லை! எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்தக் கரிதான் எங்கள்மேல் உரசுகிறது. எங்கள் புகை இதைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டியிருக்கிறது."

சுங்கானுக்கு யாரை நம்புவதென்று தெரியவில்லை. அது நெருப்பைக் கேட்டது. நெருப்பு யாருக்கும் வேண்டியவர் இல்லை, வேண்டாதவரும் இல்லை. "நீ சொல். இப்போது எரிவது எது?"

"புது இலை இன்னும் பாதிகூட எரியவில்லை" என்றது நெருப்பு. "எரிகிறது எல்லாம் நாலு வருடப் பழசு."

இருதயராஜ் எழுந்துவிட்டார். "சரி, எஸ்தரு. நான் கிளம்புறேன்" என்று செருப்பைத் தேடினார். எஸ்தர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில்தான், 'டிக்.'

முன்பு கேட்டதைவிடப் பலமாக. சுங்கானுக்குக் குத்தலில் உயிர் போனது.

ஒரு செருப்பை மாட்டிய இருதயராஜ் அப்படியே நின்றார். "என்ன சத்தம் அது?"

"ஒண்ணுமில்ல."

"உன் சுங்கான்லதான்டா வருது. இங்க குடு."

"வேண்டாம்."

"டேய், என்மேல கோபம்னா என்னைத் திட்டு. அதைக் குடு."

ஞானசிகாமணி தயங்கினார். பிறகு சாம்பலைத் தட்டிவிட்டு நீட்டினார். இருதயராஜ் கிண்ணத்துக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். விரல் நுழையவில்லை.

"எத்தனை நாளாச்சு சுரண்டி?"

"சுரண்டினதே இல்ல. அது இருக்கணும்டா. அதுதான் கட்டையைக் காப்பாத்துது."

"இருக்கணும். ஒரு தாள் கனத்துக்கு இருக்கணும். இது சுவரு மாதிரி நிக்குது. சூட்டுல இது விரியும், கட்டை விரியாது. இன்னும் நாலு தடவ பத்தவெச்சா ரெண்டாப் பொளந்துடும். ஒருவேளை இப்பவே பொளந்திருக்கும்."

வலி வயசால் வந்ததில்லை என்று சுங்கானுக்கு அப்போதுதான் புரிந்தது.

ஞானசிகாமணி சுங்கானைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "எஸ்தரு, அந்த மொண்ணைக் கத்தியை எடு" என்றார்.

சூடு ஆறும் வரை தொடக்கூடாது என்று இருதயராஜ் சொன்னார். ஆகவே காத்திருந்தார்கள். எஸ்தர் காப்பி கொண்டுவந்தார். இருதயராஜ் மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

மேசைமேல் மொண்ணைக் கத்தி சுங்கானின் பக்கத்தில் படுத்திருந்தது.

"வலிக்குமா?" என்று கேட்டது சுங்கான்.

"பிடித்துக்கொண்டால் வலிக்கும்" என்றது கத்தி. "மரம் நெருங்கியதும் நான் நின்றுவிடுவேன். எனக்குக் கூர் இல்லை, பயப்படாதே."

"நம்பாதே!" கரியின் குரல் இப்போது கெஞ்சியது. "நான் போனால் நாளைக்கே நெருப்பு உன்னைத் தின்றுவிடும். உனக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?"

சுங்கானுக்குக் கை இல்லை, கால் இல்லை. தடுக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. பிடித்துக்கொள்வது, விடுவது, இந்த இரண்டு மட்டும்தான் அதற்கு முடிந்தது. நாலு வருடமாக முதல் வேலையை மட்டும் செய்து வந்திருந்தது.

"ஒரு தோல் கனம் மட்டும் இருந்துகொள். நீ வந்த அன்றைக்கு அவ்வளவுதான் இருந்தாய். அப்போது நீ எனக்கு நல்லவன்" என்றது. பிறகு பிடியை விட்டது.

ஞானசிகாமணி கத்தியைக் கிண்ணத்துக்குள் விட்டு மெல்லத் திருப்பினார். பழைய செய்தித்தாள்மேல் கரி பொடிப் பொடியாக விழுந்தது. பிறகு கட்டி கட்டியாக விழுந்தது. இவ்வளவா என்று எஸ்தர் வாயைப் பிளந்தார்.

சுரண்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், ஞானசிகாமணி சொன்னார்: "மலை அந்தப் பக்கம்தான்டா இருந்துது."

இருதயராஜ் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு மூடுபனி. மலை கண்ணுக்கே தெரியல. குத்துமதிப்பா வரைஞ்சு அனுப்பிட்டேன். நான் அளந்த எல்லாத்துலயும் அது ஒண்ணுதான் தப்பு. அந்த ஒண்ணை நீ மைக்குல சொன்ன."

"சொல்லியிருக்கக் கூடாது." இருதயராஜ் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். "சிரிப்பு வரும்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சதும் உன் மூஞ்சியைப் பார்த்தேன். அப்பவே மைக்கை வெச்சிட்டு ஓடி வந்திருக்கணும். கைத்தட்டல் நல்லா இருந்துது, நின்னுட்டேன். தப்புடா. பெரிய தப்பு."

கத்தி நின்றது. மரம் நெருங்கிவிட்டது. ஒரு தோல் கனம் கரியை மட்டும் விட்டுவிட்டு ஞானசிகாமணி கிண்ணத்தைத் துணியால் துடைத்தார். பிறகு எழுந்து சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இருதயராஜும் வந்து தோளோடு தோள் உரசி எட்டிப் பார்த்தார். எஸ்தர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். சுங்கானும்தான்.

"கீறல் இருக்கா?"

ஞானசிகாமணி இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். நகத்தால் தடவிப் பார்த்தார்.

"இல்லடா" என்றார். "ஒண்ணுமே இல்ல. கட்டை முழுசா இருக்கு!"

செய்தித்தாள்மேல் கிடந்த கட்டிகளில் பெரியதை இருதயராஜ் எடுத்துக் காட்டினார். அதன் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு ஓடியது. "இதுதான் வெடிச்சிருக்கு. டிக் டிக்குனு கத்தினது இதுதான்."

"அப்பாடா!" என்று எஸ்தர் நாற்காலியில் விழுந்தார். இருதயராஜ் சிரித்தார். ஞானசிகாமணிக்கு முதலில் உதடு மட்டும் கோணியது, பிறகு தோள் குலுங்கியது, பிறகு நாலு வருடச் சிரிப்பும் ஒன்றாக வந்தது. சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சன்னல் கட்டையில் சாய்ந்தார்.

"மத்தியானம் ரெண்டு பேரும் எங்கயும் எழுந்து போகக் கூடாது. கோழி அடிச்சுக் குழம்பு வைக்கப் போறேன்" என்றபடி எஸ்தர் உள்ளே போனார்.

ஞானசிகாமணி மறுபடி தகர டப்பாவைத் திறந்தார்.

"உள்ளே வரலாமா?" என்று மரிக்கொழுந்து இந்த முறை கொஞ்சம் பயந்துகொண்டே கேட்டது.

"வாருங்கள்" என்றது சுங்கான்.

தீக்குச்சி உரசியது. மெல்லிய தோலாக மிஞ்சியிருந்த கரி, நெருப்புக்கும் மரத்துக்கும் நடுவில் பேசாமல் நின்று தன் வேலையைப் பார்த்தது. துளசி எரிந்து துளசியாகவே வெளியே வந்தது. புதினா பின்னாலேயே வந்தது. கடைசியில் மரிக்கொழுந்து, ஒரு தடங்கலும் இல்லாமல், தண்டின் வழியாக நடந்து போனது.

ஞானசிகாமணி கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். இருதயராஜ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிடா?"

"நல்லா இருக்குடா" என்றார் ஞானசிகாமணி. பிறகு சுங்கானின் கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஆச்சரியத்தோடு சொன்னார்: "நாலு சிட்டிகை போட்டேன். இன்னும் இடம் இருக்கே!"

தன் கிண்ணம் இவ்வளவு பெரியது என்று சுங்கானுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.