வாழைத் தெப்பத்தில் போன கைபேசி

கைபேசி எங்கே இருக்கிறதோ அங்கே மீட்புப் படகு வரும் என்பதை, ஓய்வுபெற்ற ஆசிரியை சௌந்தரநாயகிக்கு முதன்முதலில் சொன்னவர் வருவாய் ஆய்வாளர் திருஞானம். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. நத்தமேட்டு மக்கள் எதைச் சொன்னாலும் அப்படியே செய்வார்கள் என்பது அவருக்குத் தெரியாது, வெளியூர்க்காரர்.

அரசின் வெள்ள உதவிச் செயலியை டீச்சரின் கைபேசியில் ஏற்றிக் கொடுத்து, "ஆபத்து வந்தா இந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கம்மா, போதும்" என்றார் அவர். டீச்சர் அதை நோட்டில் தேதியிட்டு எழுதிக்கொண்டார். கேள்வியை இரண்டு முறை படித்த பிறகே விடை எழுத வேண்டும் என்று முப்பத்தோர் ஆண்டுகள் கற்பித்தவர் அவர். ஊரில் ஐம்பது வயதுக்குட்பட்ட அறிவாளிகள் அனைவரும் அவரிடம் படித்தவர்களே. ஐம்பது வயதுக்குட்பட்ட மற்றவர்களும் அவரிடம்தான் படித்தார்கள்.

ஐப்பசிக் கடைசியில் ஆறு கரையை உடைத்தது. அதற்கு முந்தின நாளே எச்சரிக்கைச் செய்தி வந்திருந்தது: "கைபேசிகளை ஈரம் படாத இடத்தில் பாதுகாக்கவும்." வார்டு உறுப்பினர் கலியபெருமாள் உடனே ஊரிலிருந்த பதினொரு கைபேசிகளை வாங்கி, ரேஷன் கடை அரிசி டிரம்முக்குள் வைத்து, கடையையும் பூட்டிவிட்டார். மறுநாள் ரேஷன் கடை முழுகியது.

"டிரம்முக்குள்ள ஈரமே போகாது டீச்சர்" என்றார் அவர். உண்மைதான். யாருமே போக முடியவில்லை.

மிஞ்சியவை இரண்டு. ஒன்று, செயலி இருந்ததால் டீச்சர் கையைவிட்டு இறக்காத கைபேசி. மற்றொன்று வீரம்மாளின் பழைய பட்டன் போன். அது பாதுகாக்கத் தக்கதன்று எனக் கலியபெருமாள் தள்ளிவிட்டது.

முப்பத்தேழு பேர் பள்ளிக்கூட மொட்டை மாடியில் நின்றார்கள். மாடிப்படிகள் பதினான்கு. தண்ணீர் பத்தாவது படியில் இருந்தது. டீச்சர் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். "படகு புறப்பட்டது" என்று பதில் வந்தது.

"படகு எங்க வரும் டீச்சர்?" என்றார் கலியபெருமாள்.

"கைபேசி இருக்கும் இடத்துக்கு."

"கைபேசி மாடியில இருக்கு. மாடியில தண்ணி இல்லையே. படகு எப்படி ஏறும்?"

தாம் இதை யோசிக்காமல் விட்டோமே என்று டீச்சருக்கு வெட்கமாகவும் இருந்தது. தம் மாணவன் யோசித்தானே என்று பெருமையாகவும் இருந்தது.

"தண்ணி மாடிக்கு வர்ற வரைக்கும் பொறுத்தா என்ன?" என்றாள் வீரம்மாள்.

"அதுவரைக்கும் படகுக்காரரைக் காக்க வைக்கிறது மரியாதையா அக்கா?"

அரை மணி நேர ஆலோசனைக்குப் பின், மிதந்து வந்த வாழைமரங்களைப் பிடித்துத் தெப்பம் கட்டினார்கள். டீச்சர் கைபேசியைத் தூக்குவாளியில் இட்டு, மூடியை இறுக்கி, தெப்பத்தில் கட்டினார். தெப்பத்துக்குக் கயிறு வேண்டுமா என்று கேள்வி எழுந்தது. படகு வரும்போது கயிறு காலை வாரிவிடும் என்பதால் வேண்டாம் என்று முடிவாயிற்று. தெப்பம் தென்னந்தோப்பைத் தாண்டிப் போயிற்று.

சிறிது நேரத்தில் தோப்புக்கு அப்பால் ஒரு படகு தெரிந்தது. அது தெப்பம் போன திக்கிலேயே திரும்பி விரைந்தது.

"கரெக்டா போறாங்க பாருங்க" என்றார் கலியபெருமாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

தண்ணீர் பன்னிரண்டாம் படிக்கு வந்தது. கைபேசி போய்ச் சேர்ந்ததா என்று கவலைப்பட்ட டீச்சர், வீரம்மாளின் போனை வாங்கித் தம் எண்ணுக்கே அழைத்தார். எடுத்தவர் படகோட்டி மரியசூசை.

"யாரும்மா? இங்க தெப்பத்துல தூக்குவாளிதான் இருக்கு. ஆளைக் காணோமே, முழுகிட்டாங்களா?"

"இல்லை. நாங்கள் முப்பத்தேழு பேரும் பள்ளிக்கூட மாடியில் நலம். கைபேசி நலமா?"

மரியசூசை கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஈரம் படலம்மா" என்றார். "உங்க போன்ல ஓடிபி வந்திருக்கு. அதைப் போட்டு இதை முடிச்சாத்தான் ஆபீஸ்ல அடுத்த இடத்துக்கு விடுவாங்க. போட்டுக்கட்டுமா?"

"செய்தியை முழுதாகப் படியுங்கள்."

"இந்த எண்ணை எவரிடமும் சொல்ல வேண்டாம்னு இருக்கு."

"எவரிடமும் என்பதில் நீங்கள் அடங்குவீர்களா, மாட்டீர்களா?"

"...அடங்குவேன்தான்."

"எண்ணைப் பார்த்துவிட்டீர்களா?"

"கையில இருக்கே, பார்க்காம எப்படிம்மா?"

"மறந்துவிடுங்கள்."

தண்ணீர் பதின்மூன்றாம் படி. வீரம்மாள் அழத் தொடங்கினாள். ஆனால் அரசு எழுதியதை அரசு ஊழியராயிருந்தவர் மீறுவதெப்படி? அப்போது கலியபெருமாள் கையை உயர்த்தினார். டீச்சர் முன்னால் அவர் இன்றும் கையை உயர்த்தித்தான் பேசுவார்.

"சொல்லக் கூடாதுன்னுதானே டீச்சர் போட்டிருக்கு? காட்டக் கூடாதுன்னு போடலையே."

நான்காம் வகுப்பில் தராத பாராட்டை டீச்சர் அவருக்கு அன்று தந்தார். பிறகு போனில், "எங்கள் கைபேசியை எடுத்துக்கொண்டு இங்கே வாருங்கள். நாங்களே திறந்து உங்களுக்குக் காட்டுகிறோம்" என்றார்.

மரியசூசை ஏதோ சொன்னார். அது பாடநூலில் இடம்பெறத் தக்கதன்று. ஆனாலும் ஆபீசைக் கேளாமலே வந்தார். படகு மாடியை ஒட்டியபோது டீச்சரின் கணுக்கால் நனைந்திருந்தது. வாளியைத் திறந்தால், கைபேசி சார்ஜ் இறங்கி அணைந்து கிடந்தது.

"காட்டாமல் எப்படி ஏறுவது?" என்றார் டீச்சர்.

மரியசூசைக்கு அதற்குள் அந்த ஊரின் வழி பிடிபட்டிருந்தது. "முகாம்ல சார்ஜ் போட்டுக் காட்டுங்கம்மா. காட்டுறதுக்குத்தானே கூட்டிட்டுப் போறேன்."

அது நியாயமாகப் பட்டது. முப்பத்தேழு பேரும் வருகைப் பதிவேட்டு வரிசையில், நான்கு நடையாக ஏறிப் போனார்கள். முகாமில் கைபேசி உயிர்பெற்றதும் டீச்சர் எண்ணைக் காட்டினார். மரியசூசை அதை முதன்முறை பார்ப்பவர்போலப் பார்த்தார்.

எல்லோரும் பிழைத்துவிட்டார்கள். ஆனால் சொந்தக் கைபேசிக்கு அரசாங்க மின்சாரம் ஏற்றிவிட்டோமே என்று டீச்சருக்கு உறக்கம் வரவில்லை. கணக்குப் போட்டார், ஒரு முறைக்கு இருபது பைசா. வெள்ளம் வடிந்ததும் கலியபெருமாளோடு தாலுகா அலுவலகம் போனார்.

"ஒரு ரூபாய்க்குக் குறைஞ்சா இணையத்துல கட்ட முடியாதும்மா. விட்டுருங்க" என்றார் எழுத்தர்.

"கூடுதலாகக் கட்டினால் பொய்க்கணக்கு ஆகிவிடுமே" என்றார் டீச்சர்.

கலியபெருமாள் கையை உயர்த்தினார். "கடனை ஒரு ரூபாய் ஆக்கிட்டா, டீச்சர்?"

மறுநாளிலிருந்து இருவரும் தினமும் பேருந்தில் வந்து, தாலுகா அலுவலகச் சுவரில் கைபேசியைச் சொருகி, அது நிரம்பும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். போக வர ஆளுக்கு முப்பத்தாறு ரூபாய். நான்காம் நாள் மாலை, எழுத்தர் எழுந்து நின்று பார்க்க, டீச்சர் அரசாங்கத்துக்குத் திருப்பிச் செலுத்தினார்: ஒரு ரூபாய், பூஜ்யம் பைசா.