கிலுக்கியின் கூவும் கோல்

காட்டாற்றின் மணற்கரையில் ஒரு மந்தியும் ஒரு காட்டுப்பன்றியும் காலையிலிருந்தே வேலையாக இருந்தன. மந்தியின் பெயர் கிலுக்கி. காட்டுப்பன்றியின் பெயர் கோரையன்.

கிலுக்கியின் கையில் ஒரு நீளமான கோல் இருந்தது. கோலின் அடியில் வட்டமாக ஒரு தட்டு. பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதில் ஒரு பச்சை விளக்கு. கிலுக்கி அந்தத் தட்டைத் தரையை உரசாமல் இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே நடந்தது.

"கிய்ங்!" என்று கூவியது கோல்.

"வெள்ளிச் சத்தம்! தோண்டு கோரையா!"

கோரையன் மூக்கை மணலில் செருகி நாலு தள்ளு தள்ளியது. மணலோடு ஒரு கொலுசு வெளியே வந்து விழுந்தது. கிலுக்கி அதை எடுத்து உதறியது. இரண்டு மணிகள் இன்னும் ஒலித்தன.

"ஒண்ணுதானே இருக்கு! ஒரு காலுக்கு மட்டும் யாராவது கொலுசு போடுவாங்களா? இதோட ஜோடியும் இங்கேதான் எங்கேயோ கிடக்கு!" என்றது கிலுக்கி.

"கிடக்கட்டும். எனக்கு ஒரு கிழங்கு கிடைச்சுது" என்று சொல்லி, கோரையன் மென்றது.

அவர்களுடைய ஏற்பாடே அதுதான். தோண்டும்போது வரும் கிழங்கும் புழுவும் கோரையனுக்கு. பளபளப்பதெல்லாம் கிலுக்கிக்கு.

அந்தக் கோல் கிலுக்கிக்கு வந்தது பங்குனி மாதத்தில். ஆற்றங்கரைக் கோயிலில் திருவிழா முடிந்த மறுநாள், தொப்பி போட்ட ஒரு மனிதர், மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கூவும் அந்தக் கோலைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆற்றில் குளித்தவர்கள் தவறவிட்ட காசையும் நகையையும் தேடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. கிலுக்கி மரத்தில் உட்கார்ந்து இரண்டு நாள் அவரையே பார்த்தது. ஒரு பழைய செப்புக்காசு கிடைத்ததும் அவர் அதைச் சட்டையில் துடைத்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். தோண்டிய குழியை மறக்காமல் மூடினார்.

அந்தச் சிரிப்பு கிலுக்கிக்குப் பிடித்துப்போனது.

மூன்றாம் நாள் மலைத்தேனீக்கள் அவரைத் துரத்தின. கோலைப் போட்டுவிட்டு ஓடியவர் திரும்பி வரவே இல்லை. கிலுக்கி நாலு நாள் காத்திருந்தது. ஐந்தாம் நாள்தான் கீழே இறங்கிக் கோலைத் தொட்டது.

அன்றிலிருந்து அதற்கு வேறு நினைப்பே இல்லை. காசின் சத்தம் எது, மோதிரத்தின் சத்தம் எது என்று காதால் பிரிக்கக் கற்றுக்கொண்டது. மெலிந்து 'கிய்ங்' என்றால் வெள்ளி. கரகரத்துக் 'கர்ர்ர்' என்றால் இரும்பு. இரும்பு என்றால் பழைய ஆணி, உடைந்த லாடம், சோடா மூடி. எதற்கும் ஆகாது. அதனால் 'கர்ர்ர்' கேட்டால் கிலுக்கி நிற்பதே இல்லை.

அதன் மரப்பொந்தில் ஒரு தோடு, இரண்டு மோதிரம், ஒரு மூக்குத்தி, ஓர் ஓட்டைக் காலணா எல்லாம் சேர்ந்துவிட்டன.

நீலவன் என்ற மயில் ஒரு நாள் அவற்றைப் பார்த்துச் சிரித்தது. "இதையெல்லாம் தின்ன முடியுமா? குடிக்க முடியுமா?"

"முடியாது. ஆனா பார்த்துக்கிட்டே இருக்கலாம்!" என்றது கிலுக்கி.

"வேலையத்த வேலை!" என்று தோகையை இழுத்துக்கொண்டு போனது மயில்.

சித்திரை பிறந்தது. வெயில் ஏறியது. ஆற்றில் தண்ணீர் வற்றி, கடைசியில் ஒரே ஒரு மடுவில் மட்டும் தேங்கி நின்றது. இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே மடுவுக்கு ஒரே பாதைதான். ஏறத்தாழ இருநூறு அடி நீளம். மானோ முயலோ, யாருக்குத் தாகம் எடுத்தாலும் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

ஒரு நாள் காலை கிலுக்கி அந்தப் பாதையில் கோலை ஆட்டிக்கொண்டு போனது. கொலுசின் ஜோடி அங்கே இருக்குமோ என்று ஒரு சந்தேகம்.

"கர்ர்ர்!"

"சே! இரும்பு!" என்று தாண்டிப் போனது கிலுக்கி.

பத்தடி தள்ளி மறுபடியும் "கர்ர்ர்!"

"இங்கே வெறும் ஆணிதான் போல" என்று அலுத்துக்கொண்டு, பாறை மேல் தாவி வீட்டுக்குத் திரும்பியது.

மறுநாள் வெயில் சாய்வதற்குள் பாதையிலிருந்து ஓர் அலறல் கேட்டது!

கிலுக்கியும் கோரையனும் ஓடின. மருதி என்ற புள்ளிமான் தரையில் கிடந்து துடித்தது. அதன் முன்னங்காலை ஓர் இரும்புப் பொறி கவ்வியிருந்தது. அதன் இரண்டு தாடைகளிலும் பல் வரிசை. வேட்டைக்காரர்கள் அதை மண்ணுக்குள் புதைத்து, மேலே சருகைத் தூவிவிட்டுப் போயிருந்தார்கள்.

"அசையாதீங்க அக்கா! அசைஞ்சா இன்னும் இறுகும்!" என்றது கிலுக்கி.

கோரையன் தன் கொம்புப் பல்லைத் தாடைகளுக்கு நடுவே நுழைத்து நெம்பியது. கிலுக்கி இரண்டு கையாலும் இழுத்தது. பொறி ஒரு விரல் அளவு திறந்தது. மருதி காலை உருவிக்கொண்டு மூன்று காலில் நொண்டியபடி வெளியே வந்தது.

அந்த இடத்தைக் கிலுக்கி உற்றுப் பார்த்தது. நேற்று கோல் கரகரத்த அதே இடம்.

அதை யாரிடமும் சொல்லாமல் பொந்துக்குத் திரும்பியது.

மடுப் பாதையில் பொறி இருக்கிறது என்ற செய்தி காடெங்கும் பரவியது. எத்தனை பொறி, எங்கெங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அன்று யாரும் தண்ணீர் குடிக்கப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. பாதை முனையில் மான்கள் கூட்டமாக நின்று, தூரத்தில் மின்னும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தன. குட்டிகள் தாயின் வயிற்றை முட்டின. தாய்களிடம் பால் இல்லை.

மூன்றாம் நாள் காலை கிலுக்கி பொந்துக்குள் உட்கார்ந்திருந்தது. கோலின் பச்சை விளக்கு சிவப்பாக மாறியிருந்தது. பேட்டரி தீரப்போகிறது என்று அதற்குப் புரிந்தது. தொப்பி போட்ட மனிதரின் கையில் கோல் இருந்தபோதும் அந்தச் சிவப்பைக் கிலுக்கி ஒரு தடவை பார்த்திருந்தது. அவர் வேறு பேட்டரி போட்டார். கிலுக்கியிடம் வேறு ஏது?

"இருக்கிற கொஞ்ச பேட்டரியை வச்சு ஆலமரத்தடியிலே தேடலாம்னு சொன்னியே, கொலுசு ஜோடிக்கு. வர்றியா?" என்று கேட்டது கோரையன்.

கிலுக்கி கோலைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கியது. ஆலமரம் இருந்த பக்கம் அது திரும்பவில்லை. மான்கள் நின்ற இடத்துக்குப் போனது.

"எல்லாரும் கேளுங்க!" என்றது. "மருதி அக்கா மாட்டுறதுக்கு முந்தின நாள் என் கோல் அந்த இடத்திலே கத்துச்சு. இரும்புன்னு தெரிஞ்சுது. நகை இல்லைன்னு குனிஞ்சுகூடப் பார்க்காம போயிட்டேன்."

நீலவன் கிளையிலிருந்து, "அப்பவே சொல்லியிருந்தா இந்தக் கால் தப்பியிருக்குமே!" என்றது.

"ஆமா, தப்பியிருக்கும்" என்றது கிலுக்கி.

மருதி நொண்டிக்கொண்டு முன்னால் வந்தது. "பொறியை நீ வைக்கலையே, கிலுக்கி."

"வைக்கலை அக்கா. ஆனா என் காதிலே விழுந்துச்சு. இன்னும் ஒரு தடவையும் கேட்டுச்சு. பத்தடி தள்ளி."

"அப்படின்னா வா. அது எங்கேன்னு காட்டு" என்றது மருதி.

மருதி அப்படிச் சொன்னதும் கிலுக்கிக்குக் கண் கலங்கியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கும்.

வேலை தொடங்கியது. கிலுக்கி முன்னால், கோரையன் பின்னால். மற்றவர்கள் பாதை முனையில்.

"கர்ர்ர்!"

"நில்லு! இங்கேதான்!" கிலுக்கி பக்கத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு ஒதுங்கியது. கோரையன் ஒரு கல்லை மூக்கால் உருட்டிவந்து அந்த இடத்தில் தள்ளியது. படார்! மண்ணைக் கிழித்துக்கொண்டு பொறி மூடிக்கொண்டது. மான்கள் திடுக்கிட்டுப் பின்வாங்கின.

அடுத்து இன்னொன்று. அதற்கடுத்துப் பாறையை ஒட்டி இரண்டு. ஒவ்வொரு தடவையும் படார்! ஒவ்வொரு தடவையும் மான்கள் நாலடி முன்னால் வந்தன. பாதை முக்கால்வாசி முடிந்தது. தண்ணீரின் வாசனையே வந்துவிட்டது.

அப்போது சிவப்பு விளக்கு இரண்டு தரம் துடித்து அணைந்தது.

கிலுக்கி கோலைத் தட்டியது. குலுக்கியது. பெட்டியில் வாயை வைத்து ஊதிக்கூடப் பார்த்தது. கோல் செத்துப்போயிருந்தது.

"இன்னும் அம்பதடி இருக்கே!" என்றது கோரையன். "நான் ஓடிப் பார்க்கட்டுமா? என் தோல் தடிமன்."

"தோல் தடிமன், கால் ஒல்லி! பேசாம நில்லு!"

கிலுக்கி தரையைப் பார்த்தது. ஒரு மாதமாக அது எத்தனை குழி தோண்டவைத்து, எத்தனை குழியை மூடியிருக்கும்! தோண்டி மூடிய மண் எப்படி இருக்கும் என்று அந்தக் காட்டில் வேறு யாருக்குத் தெரியும்? அந்த மண் சுற்றியுள்ள மண்ணோடு சட்டென்று ஒட்டாது. எறும்பு அதன்மேல் புதுவழி போடும். அடியில் கிடந்த ஈர மண் மேலே வந்து வேறு நிறத்தில் காயும். சருகுகூடக் காற்று போட்டது போலக் கிடக்காது. கை போட்டது போலக் கிடக்கும்.

கிலுக்கி வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்தது. செத்த கோலை முன்னால் நீட்டியது. அடிக்கு அடி கண்ணால் பார்த்து, விரலால் தடவி, கோலின் தட்டால் அழுத்திப் பார்த்து, பிறகே முன்னால் ஊர்ந்தது.

"கிலுக்கி, போதும்! திரும்பி வா!" என்று கத்தியது மருதி.

கிலுக்கி திரும்பவில்லை. இருபதடி. முப்பதடி. நாற்பது. சூரியன் உச்சிக்கு வந்து முதுகைச் சுட்டது. நாக்கு உலர்ந்து மேலே ஒட்டிக்கொண்டது.

தண்ணீருக்கு ஐந்தாறு அடி முன்னால் கிலுக்கி நின்றது. அங்கே சருகுகள் எல்லாம் ஒரே பக்கமாகக் கவிழ்ந்து கிடந்தன. காற்று அப்படி அடுக்காது. கிலுக்கி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, கோலை முழு நீளத்துக்கும் நீட்டி, தட்டால் ஓங்கி ஓர் அழுத்து அழுத்தியது.

படார்!

மண் மேலெழுந்து கிலுக்கியின் முகத்தில் அடித்தது. கண்ணைத் திறந்து பார்த்தால், பொறியின் பற்களுக்கு நடுவே கோலின் தட்டு இரண்டாகப் பிளந்து கிடந்தது. பெட்டி தெறித்துப் பாறையில் மோதி நொறுங்கியிருந்தது. மற்ற ஐந்து பொறிகளையும்விட அது பெரியது. ஒரு குட்டியின் கழுத்தையே கவ்வும் அளவுக்கு வாய் பிளக்கக்கூடியது.

கிலுக்கி மெல்ல எழுந்து, மீதியிருந்த அடிகளையும் தடவிப் பார்த்து முடித்தது. பிறகு பாதை ஓரத்தில் போய் உட்கார்ந்தது.

"வாங்க! வழி சரியாயிடுச்சு!"

மான்கள் வந்தன. பன்றிகள் வந்தன. முயல்கள், கீரிகள், இரண்டு காட்டெருமைகள், எல்லாம் வந்தன. நீலவனும் கிளையிலிருந்து இறங்கி வந்தது. கோலின் துண்டுகளைப் பார்த்துவிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டது.

"கிலுக்கி, அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது. உன் கோல் போச்சே! வருத்தமா இல்லையா?"

"இருக்கு" என்றது கிலுக்கி. "நிறைய இருக்கு." அதன் கண்ணிலிருந்து இரண்டு சொட்டு விழுந்தது. அது துடைத்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கிலுக்கி ஒன்றைக் கவனித்தது. நக்கிக் குடிக்கும் சத்தமே கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தது. மூன்று நாள் தாகத்தோடு வந்த கூட்டம் மடுவின் கரையில் இரண்டாகப் பிரிந்து நின்றது. நடுவில் ஒரு வழி விட்டிருந்தது. ஒருவர்கூடத் தண்ணீரில் வாய் வைக்கவில்லை. குட்டிகளைத் தாய்கள் காலால் தடுத்து நிறுத்தியிருந்தன.

"ஏன் நிக்கிறீங்க? குடிங்க!" என்றது கிலுக்கி.

மருதி காயம்பட்ட காலைத் தூக்கியபடி சொன்னது: "நீ முதல்ல குடி கிலுக்கி. அப்புறம் நாங்க."

கிலுக்கி அந்த வழியாக நடந்து போய், குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளியது.

நமக்குப் பிடித்ததைத் தேடிக்கொண்டு போகும்போது பிறருக்கு ஆபத்தானது காதில் விழுந்தால் அங்கேயே நிற்க வேண்டும். நிற்கத் தவறியவர் அதை மறைக்காமல் சொல்லிவிட்டுக் கற்ற திறமை முழுவதையும் பிறர் உயிர் காக்கக் கொடுத்தால், அவரை எல்லோரும் மன்னித்து மதிப்பார்கள்.