டோப்பா ரகசியமும் காதுள்ள பெட்டியும்

கோவில்பட்டியில் பொன்னம்பலம், சங்கரலிங்கம், ஆவுடையப்பன் என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூவருக்கும் சேர்த்து ஒரே வீடு. மூளையும் ஏறக்குறைய அதே கணக்குதான். கடைக்குட்டி ஆவுடையப்பன் தலையில் இருப்பது டோப்பா என்பது அண்ணன்மாரைத் தவிர யாருக்கும் தெரியாது. நாற்பது வயதில் முதல்முறையாக ஒரு பெண் வீட்டார் அவரைப் பார்க்க வருகிறார்கள். பாவம், மூன்று நாளாக மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

வருகிறவர்கள் அசந்துபோகட்டும் என்று, வாயால் சொன்னால் விளக்குப் போடுகிற பெட்டி ஒன்றை வாங்கினார்கள்.

மாட்ட வந்த மெக்கானிக், "இது இன்டர்நெட் பக்கமே போவாது அண்ணாச்சி. வீட்டுக்குள்ள பேசுற ஒரு வார்த்தைகூட வெளிய போவாது" என்றார்.

ஆவுடையப்பனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஆனாலும் சோதிக்காமல் நம்ப முடியுமா? மெக்கானிக் போனதும் பொன்னம்பலம் தெருவில் போய் நின்றார். ஆவுடையப்பன் கூடத்தில் நின்று, "என் தலை டோப்பா" என்றார்.

"கேக்குதுலே" என்றார் பொன்னம்பலம் துக்கத்தோடு.

ஜன்னலைச் சாத்தினார்கள். கேட்டது. மெத்தையை வைத்து அடைத்தார்கள். சோதனை நியாயமாக நடக்கவேண்டும் என்று ஆவுடையப்பன் இன்னும் பலமாகக் கத்தினார். அப்போதும் கேட்டது.

மூவரும் கூடி யோசித்தார்கள்.

"பெட்டியில ஓட்டை இருக்கும்ணே" என்றார் ஆவுடையப்பன்.

"புதுப் பெட்டிலே."

சங்கரலிங்கம் தொண்டையைச் செருமினார். "வீட்டுக்குள்ள பேசுனாத்தான வெளிய போவுது? பேசாம வெளியவே போய்ப் பேசிருவோம்."

பொன்னம்பலம் தம்பியை உச்சி மோந்தார். அன்றிலிருந்து ரகசியமெல்லாம் தெருவில்தான்.

பெண் வீட்டார் வருகிற நாளில், கடைசி ஆலோசனைக்காக மூவரும் நடுத்தெருவுக்கு வந்தார்கள்.

"பசை காஞ்சுதாலே?" என்றார் பொன்னம்பலம்.

"காஞ்சிட்டுண்ணே. குனிஞ்சு கும்பிட்டா மட்டும் டோப்பா விழுந்துரும்" என்றார் ஆவுடையப்பன்.

"அப்ப நிமிந்தே கும்பிடு."

பின்னால் கார் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. "டோப்பா மாப்பிள்ளை நமக்கு வேண்டாம், வண்டியத் திருப்பு" என்று பெண்ணின் அப்பா குரல் கேட்டது. அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் கார் போய்விட்டது.

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. எப்படித் தெரிந்திருக்கும்? வீட்டுக்குள் வந்தால், பெட்டி சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"இதுதான் சொல்லியிருக்கு" என்று தன் தலையிலிருந்த டோப்பாவைப் பிடுங்கி, பெட்டிக்குக் காது கேட்காதபடி அதன்மேல் இழுத்து மாட்டிவிட்டார்.

சாயங்காலம் மிச்ச வேலைக்கு வந்த மெக்கானிக் மிரண்டுபோனார். "பெட்டிக்கு எதுக்கு அண்ணாச்சி முடி?"

பொன்னம்பலம் உதட்டில் விரலை வைத்து, அவரைக் கையைப் பிடித்து நடுத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"வீட்டு ரகசியம் பாருங்க, அங்க வச்சுப் பேசக் கூடாது" என்று உரக்க ஆரம்பித்தார். எதிரே பஸ்ஸுக்கு நின்ற ஏழு பேரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.