கரடி வீட்டுக் கல்வாழை

காட்டில் அது கடும் கோடை. மலையடிவாரக் குகை ஒன்றில் மொக்கையன் என்ற கரடி குடும்பத்தோடு வசித்தது. பானை கழுவிய நீரும் குளித்த நீரும் குகைக்குப் பின்னால் வழிந்து ஒரு பள்ளத்தில் பாயும். சுற்றிலும் புல் கருகிக் கிடந்தது. அந்தப் பள்ளத்தில் மட்டும் கல்வாழை பச்சையாக நின்றது.

அதன் இலை ஒன்றைச் சுருட்டித் தைத்து, அஞ்சலை என்ற தையல்சிட்டு கூடு கட்டியிருந்தது. உள்ளே மூன்று குஞ்சுகள். அவை பறக்க இன்னும் எட்டு நாள் வேண்டும்.

அன்று கல்யாணத் தரகர் குரங்கு வந்தது. வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டது.

“என்னய்யா மொக்கையா! நாளான்னைக்கு உன் மகளைப் பொண்ணு பாக்க வர்றாங்க. நீ கொல்லையில கழுவுன தண்ணியை ஓடவிட்டு வச்சிருக்கே! சாக்கடைக் கரையிலயா சம்பந்தம் பேசுறது?”

ஏற்கெனவே கறுத்திருந்த கரடியின் முகம் இன்னும் கறுத்தது. உடனே மண்வெட்டியை எடுத்தது. நீரை ஆற்றுக்குத் திருப்பப் புது வாய்க்கால் வெட்டத் தொடங்கியது.

அஞ்சலை பதறிப் பறந்து வந்தது. “அண்ணே, அது சாக்கடை இல்லண்ணே! சீயக்காய்த் தண்ணியும் பானை கழுவுன தண்ணியும்தானே! அதைக் குடிச்சுத்தான் இந்தச் செடி நிக்குது. என் புள்ளைங்க இதுலதான் இருக்கு. எட்டே நாள் பொறுங்க!”

“எட்டு நாளா! அவங்க நாளான்னைக்கே வந்துருவாங்க தங்கச்சி!”

“வந்து போனதும் திருப்பி விட்டுருவீங்களா?”

“விடுறேன், விடுறேன்! நகரு, கால்ல மிதிபட்டுடாதே!”

மூன்றாம் நாள் யாரும் வரவில்லை. அமாவாசை கழியட்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பிவிட்டார்கள்.

“இப்பவாவது திறந்து விடுங்கண்ணே!”

“இன்னும் நாலு நாள்தானே! திறந்தா மறுபடி வெட்டணும். முதுகு போயிரும்!”

அஞ்சலை ஆற்றுக்கும் செடிக்குமாகப் பறந்தது. அலகில் கொள்வது ஒரு துளி. அது விழுந்த தடம்கூட மண்ணில் தெரியவில்லை.

ஆறாம் நாள் இலை காய்ந்து முறுகித் தையல் விட்டது. நண்பகலில் மூன்று குஞ்சுகளும் கொதிக்கும் மண்ணில் விழுந்தன. அஞ்சலை இறக்கையை விரித்து நிழல் கொடுத்தது. பொழுது சாய்வதற்குள் மூன்றும் அடங்கிவிட்டன.

மறுநாள் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்க் கரடி கொல்லையை எட்டிப் பார்த்தது.

“ஏன் சம்பந்தி, செடியை இப்படிக் காயப் போட்டிருக்கீங்க? குளிக்கிற தண்ணியை விடக் கூடாதா? எங்க வீட்டுப் பூசணியெல்லாம் அதுலதான் காய்க்குது!”

குரங்கு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது.

அன்று மாலையே மொக்கையன் வாய்க்காலை அடைத்து நீரைப் பள்ளத்துக்கு விட்டது. சில நாளில் கல்வாழை மறுபடி துளிர்த்தது. அஞ்சலை அந்தப் பக்கம் திரும்பி வரவே இல்லை.

ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து உபயோகமான நீரைத் துரத்துகிறவன், அதை நம்பியிருந்த உயிரையும் சேர்த்தே துரத்துகிறான்.