ஜவ்வரிசித் தாம்பாளம்

"என் மக எதையும் தொடவே மாட்டேங்கா, டீச்சர்" என்றார் இசக்கியப்பன்.

தென்காசிப் பக்கம் ஒரு பால்வாடி. டீச்சர் சகாயராணிக்கு இருபத்தாறு வயது. முறையிட வந்தவருக்கு நாற்பது. ஆஸ்பத்திரியில் இரத்தம் பரிசோதிக்கிறவர். ஒரு நாளைக்கு முப்பது தடவை கை கழுவுகிறவர். பிள்ளை விஷயத்தில் மட்டும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மூன்று வயது பூரணி வாசற்படியில் நின்றாள். மற்ற பிள்ளைகள் மணலில் உருண்டுகொண்டிருந்தார்கள். அவள் பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். சேர்ந்து பத்து நாளாக இதே கதை.

"எல்லாப் பிள்ளையும் விளையாடுது. இவ மட்டும் ஒத்தையில நிக்கா. பாத்தா வயிறு எரியுது டீச்சர்."

"தாம்பாளத்துல ரவையைப் பரப்பி, கையால அளைஞ்சு விளையாட அவ முன்னால வைங்க, சார்."

அவ்வளவுதான் சொன்னார் டீச்சர்.

மறுநாள் வந்தார்.

"வச்சேன். கையைக் கட்டிக்கிட்டுப் பாத்தா. எறும்பு வந்துரும்னு எடுத்து வச்சிட்டேன்."

"பாட்டில்ல பயறு போட்டுக் குலுக்கக் குடுங்க."

அதற்கும் மறுநாள் வந்தார். முகத்தில் பாதிச் சிரிப்பு.

"குலுக்கினா டீச்சர்! சத்தம் கேட்டு ஒரே சிரிப்பு. மூடியத் திறந்து தட்டுல கொட்டினேன். ஓடியே போயிட்டா."

"ஜவ்வரிசியை வேகவச்சு, பீட்ரூட் சாறு ஊத்தி, நல்லா ஆற வைங்க. நாளைக்கு இங்கயே கொண்டாங்க."

கொண்டுவந்தார். மனிதரிடம் ஒரு குறை சொல்ல முடியாது. பழைய பேப்பரைச் சுருக்கம் இல்லாமல் விரித்தார். அதன் நடுவில் தாம்பாளத்தை வைத்தார். கோணலாக இருந்தது என்று திருப்பி வைத்தார். ஈரத்துண்டைக் கையில் தயாராகப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

ரோஸ் நிறத்தில் பளபளவென்று கிடந்தது ஜவ்வரிசி.

பூரணி படியை விட்டு இறங்கவில்லை.

டீச்சர் கேட்டார்: "இது எப்படி இருக்கு, சார்?"

"நல்லா வெந்திருக்கு."

"தொட்டா எப்படி இருக்கு?"

இசக்கியப்பன் தாம்பாளத்தைக் குனிந்து பார்த்தார்.

"தெரியாது டீச்சர். கரண்டியாலதான் கிண்டினேன்."

"ரவை?"

"ஸ்பூன்ல எடுத்தேன்."

"பயறு?"

"புனல் வச்சுப் போட்டேன்."

டீச்சர் சிரிக்கவில்லை. ஈரத்துண்டை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"கையை விடுங்க."

"நானா?"

"நீங்கதான்."

"ஆழம் தெரியாம காலை விடக்கூடாதும்பாங்க, டீச்சர்."

"காலை யாரு கேட்டா?"

இசக்கியப்பன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினார். ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர் மாதிரி கண்ணை இறுக்கி மூடினார். ஒரு விரலை விட்டார்.

"ஐயய்யோ!"

"இன்னும்."

முழுக் கையையும் விட்டார். வழவழவென்று குளிர்ந்து, விரலிடுக்கில் நழுவி, மறுபடி வந்து ஒட்டியது. உள்ளங்கால் வரைக்கும் கூசிற்று. பிடிக்கப் பார்த்தார், வழுக்கியது. விடுவாரா? இறுக்கிப் பிழிந்தார். அது பிதுங்கித் தெறித்து அவர் மூக்கு நுனியில் போய் உட்கார்ந்தது.

இசக்கியப்பன் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் ரோஸ் நிறத்தில் பதிந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. அத்தனை சந்தோஷம் அவருக்கு. மணலில் கிடந்த பிள்ளைகள் எல்லாம் எழுந்து ஓடிவந்து சுற்றி நின்று கை தட்டினார்கள்.

"இது மீன் மாதிரி ஓடுதே டீச்சர்!" என்று கத்தினார்.

இரண்டாவது கையையும் விட்டார். மகளை மறந்தே போனார்.

அவர் முழங்கையை யாரோ இடித்தார்கள்.

"அப்பா, தள்ளு" என்றாள் பூரணி. "எனக்கு இடமே இல்ல."